சான் பிரான்சிஸ்கோ வாங்காத ஆயுதம்

2014 மார்ச் 21, மாலை. சான் பிரான்சிஸ்கோவின் பெர்னல் குன்றுக்கு அலெக்ஸ் நியேட்டோ வந்திருந்தார். 28 வயது. வேலைக்குப் போகுமுன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவர். இரவு விடுதி ஒன்றில் வாசல் காவல் வேலை. அந்த வேலைக்காக இடுப்பில் ஒரு டேசர் வைத்திருந்தார். டேசர் என்பது மின்னதிர்ச்சி கொடுக்கும் துப்பாக்கி. இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார் என்று யாரோ 911 என்ற அவசர எண்ணுக்குப் போன் செய்ய, போலீஸ் வந்தது. நான்கு போலீஸ்காரர்கள் 59 குண்டுகள் சுட்டார்கள். எங்களை நோக்கி நீட்டினார், கையில் இருந்தது துப்பாக்கி என்றே நினைத்தோம் என்றார்கள். 2016-ல் நடந்த உரிமையியல் வழக்கில் ஜூரி அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டது.

நியேட்டோவின் சாவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் மறுகரையில் இதே தவறு தலைகீழாக நடந்திருந்தது. 2009 புத்தாண்டு பிறந்து சில மணி நேரம். ஓக்லண்டின் ஃப்ரூட்வேல் ரயில் நிலைய நடைமேடையில் ஆஸ்கர் கிராண்ட் என்ற 22 வயது இளைஞரைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் அவர் முதுகில் சுட்டார். டேசரை எடுப்பதாக நினைத்துத் துப்பாக்கியை எடுத்துவிட்டேன் என்று பிறகு நீதிமன்றத்தில் சொன்னார்.

இக்கரையில் டேசர் துப்பாக்கியாகத் தெரிந்தது. அக்கரையில் துப்பாக்கி டேசராகத் தெரிந்ததாம். செத்தது இரண்டு இளைஞர்கள்.

இந்த இரண்டு கரைகளுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. நியேட்டோவைச் சுட்ட சான் பிரான்சிஸ்கோ போலீஸிடம் அப்போது டேசரே கிடையாது. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக அதை வாங்கிக் காவலரின் இடுப்பில் மாட்டிய காலத்தில், இந்த நகரம் வாங்கவில்லை. தலைமைக் காவல் அதிகாரிகள் அடுத்தடுத்துக் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பது ஒரு சாதாரண ஊர்க்கூட்டத்தின் கதை.

ஐந்து வினாடி

முதலில் அந்த ஆயுதம். அப்பல்லோ விண்வெளித் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜாக் கவர் கண்டுபிடித்தது. சிறுவயதில் படித்த சாகசக் கதை நாயகன் டாம் ஸ்விஃப்டின் மின்துப்பாக்கியை நினைவில் வைத்து, அந்தச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து டேசர் என்று பெயர் வைத்தார். முதலில் வந்ததில் வெடிமருந்து இருந்தது. அதனால் 1976-ல் அமெரிக்க அரசு அதைத் துப்பாக்கி வகையிலேயே சேர்த்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் 1980-லேயே வாங்கிவிட்டது. 1991 மார்ச் 3 இரவு அதே போலீஸ் ரோட்னி கிங் என்பவரை நடுத்தெருவில் தடிகளால் அடித்த காட்சியை உலகமே பார்த்தது. அந்தத் தடிகளோடு சேர்த்து அவர் உடம்பில் டேசரும் பாய்ந்தது என்பது பலர் நினைவில் இல்லை.

1993-ல் அரிசோனாவைச் சேர்ந்த ரிக் ஸ்மித், டாம் ஸ்மித் சகோதரர்கள் கவரோடு சேர்ந்து புதுக் கம்பெனி தொடங்கினார்கள். வெடிமருந்தை எடுத்துவிட்டு அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவை வைத்தார்கள். 1999-ல் எம்26, 2003-ல் எக்ஸ்26 என்ற மாதிரிகள் வந்தன. விற்பனை எங்கேயோ போனது.

விசையை அழுத்தினால் தூண்டில் முள் போன்ற இரண்டு ஊசிகள் மெல்லிய கம்பியை இழுத்துக்கொண்டு பாய்கின்றன. தோலிலோ சட்டையிலோ இரண்டும் தைத்துக்கொண்டால் சுற்று முழுமையாகிவிடும். விளம்பரத்தில் சொன்ன 50,000 வோல்ட் இடைவெளியைத் தாண்டுவதற்கான உச்ச அழுத்தம். உடம்பில் பாய்வது அதைவிட மிகக் குறைவு. ஒருமுறை அழுத்தினால் ஐந்து வினாடி ஓடும். தசையெல்லாம் ஒரே நேரத்தில் விறைத்துக்கொள்ள, ஆள் வெட்டிய மரம்போல் விழுவார். கையூன்றக்கூட முடியாது. விரலை எடுக்காமல் வைத்திருந்தால் ஐந்து வினாடிக்குப் பிறகும் நிற்காது. ஊசியே இல்லாமல் முனையை உடம்பில் நேராக வைத்தும் அழுத்தலாம். அப்போது ஆள் விறைத்து விழமாட்டார், வலி மட்டும் இருக்கும்.

விற்பனைப் பேச்சு எளிமையாக இருந்தது: இது துப்பாக்கிக்குப் பதில். குண்டு பாய வேண்டிய இடத்தில் ஊசி பாயும், சாக வேண்டியவர் பிழைப்பார். கேட்கிற எவருக்கும் இது நியாயமாகத்தான் படும். சான் பிரான்சிஸ்கோ மக்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: உண்மையில் எதற்குப் பதில்?

அன்று: 400-ஆம் எண் அறை

சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ் கொள்கையை வகுப்பது தலைமைக் காவல் அதிகாரி மட்டுமல்ல. ஏழு குடிமக்கள் கொண்ட காவல் ஆணையம் ஒன்று இருக்கிறது. நால்வரை மேயர் நியமிக்கிறார், மூவரை நகர மேற்பார்வையாளர் வாரியம் நியமிக்கிறது. நகர மாளிகையின் 400-ஆம் எண் அறையில் புதன்கிழமை மாலைகளில் கூடும். ஊர்க்காரர் எவரும் போய் ஒலிபெருக்கி முன் நிற்கலாம். இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும்.

அந்த ஒலிபெருக்கி முன் ஆண்டுக்கணக்காக வந்து நின்றவர்களில் மேஷா மோங்கே-இரிசாரி என்ற தாய் ஒருவர். அவருடைய மகன் இட்ரிஸ் ஸ்டெல்லிக்கு 23 வயது. 2001 ஜூனில் மெட்ரியான் திரையரங்கில் மனநெருக்கடியில் இருந்தபோது போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. போலீஸ் சுட்டவை 20-க்கும் மேற்பட்ட குண்டுகள். கையில் இருந்தது ஒரு சிறு கத்தி. மகன் பெயரில் அறக்கட்டளை தொடங்கிய தாய், போலீஸால் பிள்ளைகளை இழந்த மற்றக் குடும்பங்களுக்குத் துணையாக நிற்கத் தொடங்கினார்.

துப்பாக்கிக்கு மகனைப் பறிகொடுத்த தாய், துப்பாக்கிக்குப் பதில் என்று சொல்லப்படும் பொருளை வரவேற்பார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவர் எதிர்த்தார். வீடற்றோர் கூட்டமைப்பு எதிர்த்தது. மனித உரிமை வழக்கறிஞர்களும் மனநல நோயாளிகளின் உரிமைக்காகப் பேசுபவர்களும் அவர்களோடு நின்றார்கள். தெருவில் படுப்பவர், போதைக்கு அடிமையானவர், மனநோய் முற்றியவர் — போலீஸ் அடிக்கடி சந்திப்பது இவர்களைத்தான். மின்சாரம் பாயப்போவதும் இவர்கள் உடம்பில்தான். பலவீனமான இதயமும் மருந்து ஊறிய இரத்தமும் இவர்களிடம்தான் அதிகம்.

இவர்கள் வாதத்துக்கு ஊரிலிருந்தே ஓர் ஆய்வு கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் இதய மருத்துவர்கள், டேசர் வாங்கிய 50 கலிபோர்னியக் காவல்துறைகளின் கணக்கைப் புரட்டிப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். டேசர் வந்த முதல் முழு ஆண்டில், துப்பாக்கிச் சூடு இல்லாமல் காவலில் திடீரென இறந்தவர்கள் 6.4 மடங்கு கூடியிருந்தார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் இந்த எண் பழைய நிலைக்கு இறங்கியது. கேட்டவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது மற்றொரு எண். டேசர் வந்தால் துப்பாக்கிச் சாவு குறையும் என்றுதானே சொன்னார்கள்? அந்த முதல் ஆண்டில் துப்பாக்கிச் சாவுகள் 2.3 மடங்கு கூடியிருந்தன.

இதே காலத்தில் வேறு மூன்றும் நடந்தன. சலீனாஸ் நகரில் டேசர் பாய்ந்தபின் இறந்த ஒருவரின் குடும்பம் போட்ட வழக்கில், 2008 ஜூனில் ஜூரி கம்பெனிமீது 15 சதவீதப் பொறுப்பு வைத்தது. அப்படிப்பட்ட வழக்கில் கம்பெனி தோற்றது அதுவே முதல்முறை. 2009 இலையுதிர் காலத்தில், முடிந்தவரை நெஞ்சில் சுட வேண்டாம் என்று கம்பெனியே தன் பயிற்சிக் குறிப்பில் எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில், சீட் பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட ஓர் இளைஞர்மீது டேசர் பாய்ச்சிய வழக்கில், டேசர் என்பது அற்பமான பலப்பிரயோகம் அல்ல, அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்படிப்பட்ட நேரத்தில்தான், 2010-ல், தலைமைக் காவல் அதிகாரி ஜார்ஜ் காஸ்கோன் டேசர் கேட்டு ஆணையத்தின் முன் நின்றார். மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 4-க்கு 3 என்ற கணக்கில் தோற்றார்.

கேள்வி மாறியது

எதிர்த்தவர்கள் ‘வேண்டாம்’ என்பதோடு நின்றிருந்தால் அடுத்த துப்பாக்கிச் சூட்டிலேயே அவர்கள் வாய் அடைபட்டிருக்கும். கத்தியோடு நிற்பவனை என்ன செய்வது என்று போலீஸ் கேட்கும், பதில் வேண்டும். அவர்கள் பதிலை மெம்ஃபிஸிலிருந்து கொண்டுவந்தார்கள்.

டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம் 1988-லேயே நெருக்கடித் தலையீட்டுக் குழு என்ற முறையை உருவாக்கியிருந்தது. காவலர்களில் சிலருக்கு 40 மணி நேரப் பயிற்சி. மனநோய் என்றால் என்ன, குரலை எப்படித் தாழ்த்துவது, எவ்வளவு தள்ளி நிற்பது, எப்போது காத்திருப்பது என்று மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் சொல்லிக்கொடுப்பார்கள். மனநெருக்கடி என்று அழைப்பு வந்தால் முதலில் போவது இவர்கள். 2011-ல் காவல் ஆணையம் இந்த முறையை சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஏற்றது. ஆணைய உறுப்பினரான ஏஞ்சலா சான் இதற்காகத் தொடர்ந்து வாதாடியவர்.

அதுவரை இருந்த கேள்வி: துப்பாக்கியா, டேசரா? இப்போது கேள்வி மாறியது: இவ்வளவு அவசரம் எதற்கு? அறைக்குள் தனியாகக் கத்தியோடு நிற்பவரிடம் போலீஸ் ஓடிப்போய் ஐந்தடியில் நின்றுவிட்டு, இப்போது எனக்கு உயிராபத்து என்று சொல்கிறது. பத்தடி பின்வாங்கி, கதவைச் சாத்தி, அரை மணி நேரம் பேசியிருந்தால்? நேரமும் தூரமும்தான் முதல் ஆயுதம் என்பது அவர்கள் வாதம். டேசர் கையில் இருந்தால் அந்த அரை மணி நேரத்துக்கு எவரும் பொறுமையோடு நிற்கமாட்டார்கள் என்ற அச்சமும் அதில் இருந்தது.

அடுத்து வந்த தலைமை அதிகாரி கிரெக் ஸர் இந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டே வந்தார். 2012-ல் ஒரு துப்பாக்கிச் சாவுக்குப் பின், நெருக்கடிப் பயிற்சி பெற்ற காவலர்களுக்கு மட்டும் டேசர் கொடுங்கள் என்றார். அதற்காகப் பேட்டைகளில் கூட்டங்கள் நடந்தன. வந்தவர்கள் வரைவை வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள். யார்மீது, எத்தனை முறை, எத்தனை வினாடி, பிறகு யார் மருத்துவம் பார்ப்பது? நிபந்தனை கூடிக்கொண்டே போனது. 2013 ஏப்ரலில் ஸர் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்.

2015 டிசம்பருக்குப் பிறகு

2015 டிசம்பர் 2. பேவியூ பகுதியில் ஒரு நடைபாதை. மாரியோ உட்ஸ், 26 வயது, கையில் கத்தி. முன்பு ஒருவரைக் குத்தியதாகப் புகார். சுற்றி அரைவட்டமாகப் போலீஸ். சுவரோரமாக நகர்ந்து போக முயன்றவரை ஐந்து காவலர்கள் சுட்டார்கள். உடம்பில் 20 குண்டுகளுக்குக் குறையவில்லை. போகிறவர் வருகிறவர் கைபேசியில் எடுத்த காட்சி அன்றிரவே ஊரெங்கும் பரவியது.

டேசர் இருந்திருந்தால் உட்ஸ் பிழைத்திருப்பார் என்றது போலீஸ் தரப்பு. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்த நடைபாதையில் அந்த நிமிடத்தில் ஊசியா குண்டா என்று கேட்டால் ஊசி என்றுதான் எவரும் சொல்வார். உட்ஸுக்காகத் தெருவில் இறங்கியவர்களோ அந்த நிமிடத்துக்கு முந்தைய நிமிடங்களைக் கேட்டார்கள். ஏன் நெருங்கினீர்கள்? ஏன் வளைத்தீர்கள்?

2016 ஏப்ரலில் வீடற்ற தொழிலாளி லூயிஸ் கோங்கோரா பாட் சுடப்பட்டார். மெக்சிகோவின் யுகாத்தானிலிருந்து வந்த மாயன் இனத்தவர். போலீஸ் வந்து இறங்கி அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதே மாதம் மிஷன் காவல் நிலையத்தின் வாசலில் ஐந்து பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் 66 வயதான பாலர் பள்ளி நடத்துநர் மரியா கிறிஸ்டினா குத்தியேரஸ். இன்னொருவர் அவருடைய மகன், ராப் பாடகர். ‘ஃப்ரிஸ்கோ ஐவர்’ என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. 17 நாள் நீரும் சாறும் மட்டும் குடித்து, ஸர் பதவி விலக வேண்டும் என்றார்கள். உண்ணாவிரதம் முடிந்தபோது ஸர் பதவியில்தான் இருந்தார். மே 19-ல் பேவியூவில் காரில் இருந்த இளம்பெண் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட, அன்று மாலையே மேயர் கேட்டு அவர் விலகினார்.

2016 அக்டோபரில் மத்திய நீதித்துறையின் அறிக்கை வந்தது. சான் பிரான்சிஸ்கோ போலீஸைச் சீர்திருத்த 272 பரிந்துரைகள். எதிர்ப்பாளர்கள் ஆண்டுக்கணக்காகச் சொன்ன பலவும் அதில் இருந்தன. கூடவே, டேசர் வாங்குவதை நகரம் தீவிரமாக யோசிக்க வேண்டும் என்ற வரியும் இருந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

அந்த ஆண்டு டிசம்பரில் ஆணையம் பலப்பிரயோக விதிகளைத் திருத்தியது. ஓடும் வண்டிமீது சுடக்கூடாது, கழுத்தை நெரித்துப் பிடிக்கக்கூடாது, முதலில் நிலைமையைத் தணிக்க வேண்டும். டேசருக்கு அதில் இடமில்லை. ஆனால் கதவு மூடவும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து புதிதாக வந்த தலைமை அதிகாரி பில் ஸ்காட் மீண்டும் கேட்டார். 2017 நவம்பர் 3 அன்று, அமளிக்கு நடுவே நடந்த கூட்டத்தில், ஆணையம் 4-க்கு 3 என்று டேசரை ஏற்றது. ஏழு ஆண்டுகளுக்கு முன் எதிர்ப்பாளர்கள் வென்ற அதே கணக்கு, இப்போது எதிர்ப்பக்கம்.

ஊரே வாக்களித்தது

இதோடு முடிந்திருக்க வேண்டிய கதையைக் காவலர் சங்கமே நீட்டியது. ஆணையம் வகுத்த விதிகள் கடுமையானவை. பிறரைத் தாக்குபவர், உடனடியாகக் காயப்படுத்தக்கூடியவர்மீது மட்டுமே டேசர். சங்கத்துக்கு இது போதவில்லை. நேராக வாக்காளரிடமே போனது. 2018 ஜூன் தேர்தலில் ‘எச்’ என்ற முன்மொழிவைக் கொண்டுவந்தது. கைதுக்கு உடன்படாமல் முரண்டு பிடிப்பவர்மீதும் டேசர் பாய்ச்சலாம். இந்த விதியை ஆணையம் தொடக்கூடாது. மாற்ற வேண்டுமானால் மேற்பார்வையாளர் வாரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவோ மறுபடியும் ஒரு பொது வாக்கெடுப்போ வேண்டும்.

டேசர் கேட்ட தலைமை அதிகாரி ஸ்காட்டே இதை எதிர்த்து எழுதினார். விதிகளைக் கல்லில் செதுக்கிவிட்டால் பிறகு சீர்திருத்தம் எப்படி என்பது அவர் வாதம். தெருவில் எதிர்த்தவர்களும் தலைமை அதிகாரியும் ஒரே பக்கம் நின்றார்கள். வீடற்றோர் கூட்டமைப்பும் வழக்கறிஞர் சங்கமும் மனித உரிமை அமைப்பும் வீடு வீடாகப் போய்ப் பேசின. சங்கம் துண்டறிக்கைக்கும் விளம்பரத்துக்கும் பணத்தை இறைத்தது. ஜூன் 5 அன்று எண்ணிப் பார்த்தபோது 100-க்கு 60-க்கும் மேற்பட்டோர் ‘வேண்டாம்’ என்றிருந்தார்கள்.

அந்தச் சூட்டோடு நகர வாரியத்தின் நிதிக்குழு டேசருக்கு ஒதுக்கிய பணத்தை வரவுசெலவுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. ஆணையத்தின் ஒப்புதல் காகிதத்தில் இருந்தது. வாங்கக் காசு இல்லை. 400-ஆம் எண் அறையில் தோற்றதை எதிர்ப்பாளர்கள் வாக்குச்சாவடியிலும் நிதிக்குழுவிலும் திரும்பப் பெற்றார்கள்.

எல்லைக்கு அப்பால்

நான்கு மாதம் கழித்து, 2018 அக்டோபர் 3. நகர எல்லைக்குத் தெற்கே சான் மாட்டியோ மாவட்டம். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை ஒட்டிய மில்பிரே என்ற ஊரில், எல் கமினோ ரியால் சாலையில் சினெடு ஒக்கோபி நடந்துபோய்க்கொண்டிருந்தார். 36 வயது, மோர்ஹவுஸ் கல்லூரிப் பட்டதாரி, மனநல சிகிச்சையில் இருந்தவர். வாகனங்களுக்கு நடுவே சாலையைக் கடந்ததற்காக மாவட்ட ஷெரிஃபின் காவலர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் திரும்பத் திரும்ப டேசரை அழுத்தினார். அன்றே ஒக்கோபி இறந்தார். மரண விசாரணை அலுவலகம் அதைப் பிறரால் நேர்ந்த மரணம் என்று வகைப்படுத்தியது. காவலர்கள்மீது வழக்கு இல்லை என்று 2019 மார்ச்சில் மாவட்ட அரசு வழக்கறிஞர் அறிவித்தார். அந்த ஓராண்டில் அந்த ஒரே மாவட்டத்தில், டேசர் பாய்ந்த மோதல்களுக்குப் பின் இறந்தவர்கள் மூன்று பேர்.

சினெடுவின் தமக்கை எபெலே ஒக்கோபி அப்போது ஃபேஸ்புக்கில் ஆப்பிரிக்கக் கொள்கைப் பொறுப்பாளர். காணொளிகளை வெளியிடச் சொல்லி அவர் குரல் கொடுத்தார். மாவட்ட வாரியக் கூட்டங்களுக்கு ஊர்க்காரர்கள் வரிசையாக வந்தார்கள். டேசர் பற்றிப் பொது விசாரணை நடந்தது, விதிகள் திருத்தப்பட்டன. எல்லைக்கு வடக்கே சாவுக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்விகள், தெற்கே சாவுக்குப் பின்னால் கேட்கப்பட்டன.

இன்று

அன்றைய டேசர் கம்பெனிக்கு இன்று பெயர் ஆக்ஸன். 2017-ல் மாற்றிக்கொண்டது. காவலர் மார்பில் மாட்டும் கேமரா, அந்தக் காட்சிகளைச் சேமிக்கும் மென்பொருள் எல்லாம் அதன் வியாபாரம். 2023-ல் வந்த டேசர் 10 பத்து ஊசிகளை ஒவ்வொன்றாகச் சுடும். 45 அடி பாயும். போலீஸும் மக்களும் மோதும்போது நேரும் துப்பாக்கிச் சாவுகளைப் பத்து ஆண்டில் பாதியாக்குவோம் என்று கம்பெனி 2022-ல் சபதம் எடுத்தது. அதே ஆண்டு டெக்சாஸ் பள்ளிப் படுகொலைக்குப் பின், பள்ளிகளில் டேசர் பொருத்திய ட்ரோன் பறக்கவிடலாம் என்று யோசனை சொன்னது. அதன் அறநெறிக் குழுவிலிருந்தே ஒன்பது பேர் விலகினார்கள். திட்டம் கிடப்பில் போனது.

கணக்குகளும் அன்றைவிட இன்று கூடியிருக்கின்றன. 2001-க்குப் பின் அமெரிக்காவில் டேசர் பாய்ந்தபின் இறந்தவர்கள் குறைந்தது 500 பேர் என்று 2012-ல் சர்வதேச மன்னிப்புச் சபை சொன்னது. 2017-ல் ராய்ட்டர்ஸ் ஆவணம் தேடி எண்ணியது 1,005. இதில் எத்தனை சாவு டேசராலேயே நேர்ந்தது என்பதில் மருத்துவர்களுக்குள் சண்டை ஓயவில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரிய ஆபத்து என்று உறுதியான சான்று இல்லை என்றது 2011-ல் அமெரிக்கத் தேசிய நீதி நிறுவனத்தின் ஆய்வு. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், இதய நோயாளிகள் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. போலீஸ் சந்திப்பவர்கள் எல்லோரும் மருத்துவச் சான்றிதழோடு வருவதில்லை என்பதுதான் அன்றும் இன்றும் எதிர்ப்பாளர்கள் சொல்வது.

துப்பாக்கிக்குப் பதில் என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கு வந்தது. 2019-ல் அமெரிக்கப் பொது வானொலிச் செய்தியாளர்கள் தேடிப் பார்த்தார்கள். 2015 முதல் 2017 வரை, டேசர் பாய்ந்தும் ஆளை நிறுத்த முடியாமல் போய், பிறகு போலீஸ் சுட்டுக் கொன்ற நிகழ்வுகள் 250-க்கும் மேல். ஊசி ஒன்று தடிமனான சட்டையில் சிக்கினால் சுற்று சரியாக அமையாது. இரண்டும் மிகப் பக்கத்தில் தைத்தால் ஆள் விறைத்து விழமாட்டார். நெருங்கிப் போய் டேசர் தவறினால் காவலரும் எதிராளியும் கைநீளத் தூரத்தில் நிற்கிறார்கள். அடுத்தது துப்பாக்கிதான். வாலைக் கொடுத்துக் கத்தி வாங்கிய குரங்காவது ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கியது. டேசர் வாங்கிய எந்த நகரமும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இடுப்புப் பட்டையில் எடை கூடியது, அவ்வளவே.

சொற்களும் மாறின. அன்று ‘உயிர் பறிக்காத ஆயுதம்’ என்றார்கள். இன்றைய கையேடுகளில் அது ‘உயிர் பறிப்பது குறைவான ஆயுதம்’. ஒரு அடைமொழிக்குள் எத்தனையோ வழக்குகளும் சவப்பரிசோதனை அறிக்கைகளும் இருக்கின்றன.

சான் பிரான்சிஸ்கோவும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 2020 நவம்பர் இறுதியில் தெரு நெருக்கடி உதவிக் குழுக்கள் இறங்கின. மனநெருக்கடி அழைப்புகளுக்குப் போலீஸ் இல்லாமல் மருத்துவ உதவியாளர்கள் போகத் தொடங்கினார்கள். 2010-ல் 400-ஆம் எண் அறையில் கனவு என்று கேலி செய்யப்பட்டிருக்கக்கூடிய ஏற்பாடு, இன்று சம்பளப் பட்டியலோடு நடக்கும் நகரத் துறை வேலை. மறுபக்கமும் உண்டு. 2024 மார்ச்சில் இதே நகர வாக்காளர்கள் ‘ஈ’ என்ற முன்மொழிவை ஏற்று, வண்டியில் துரத்தவும் ட்ரோன் பறக்கவிடவும் போலீஸுக்குக் கூடுதல் உரிமை கொடுத்தார்கள். 2018-ல் ‘வேண்டாம்’ என்ற ஊர், திருட்டும் போதையும் பற்றிய அலுப்பில் வேறு மாதிரி வாக்களித்தது. ஊர் மனம் நிலையானது அல்ல. அதனால்தான் இந்த எதிர்ப்பை ஒருமுறை வென்று மூட்டை கட்டிவைக்க முடியாது. அடுத்த புதன்கிழமையும் யாராவது போக வேண்டியிருக்கிறது.

டேசர் வேண்டும் என்பவர் கொடியவர் அல்ல. வேண்டாம் என்பவர் போலீஸின் எதிரியும் அல்ல. இந்த நகரத்தில் மிஞ்சும் பாடம் வேறு. ஓர் ஆயுதத்தை வாங்குமுன், அது யார் உடம்பில் பாயுமோ அவர்களைக் கூப்பிட்டுப் பேசவைக்கும் ஓர் அறை அங்கே இருந்தது. அந்த அறைக்கு வரும் வழக்கத்தை வீடற்றவர்களும், பிள்ளையை இழந்த தாயும், இதய மருத்துவர்களும் விடவில்லை. வியாபாரி காட்டிய கணக்கை அப்படியே நம்பாமல் தங்கள் கணக்கைத் தாங்களே போட்டார்கள். தோற்ற பிறகும் அடுத்த வாசலைத் தேடினார்கள்.

உங்கள் ஊர்க் காவல்துறை நாளை எதையாவது ‘உயிருக்கு ஆபத்தில்லாதது’ என்று சொல்லி வாங்கினால், இரண்டே கேள்வி கேளுங்கள். எதற்குப் பதிலாக? யார்மீது? பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.